எந்தக் கரியான்?

போன நவம்பரில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு வாரத்தில், புதுச்சேரியிலிருந்து கரியாலூருக்குத் தனியாகப் போய்வந்தேன். பழைய பதிவுகளை வைத்துக்கொண்டு மூதாதையர் ஊரைத் தேடுவது எப்படி என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இது. ஆனால் இதைப் படித்து உற்சாகம் வரும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது.

என் குடும்பப் பெயர் கரியான். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. ஆனால் என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சேர்ந்தபோது அங்கே குடும்பப் பெயர் கேட்டார்கள். அவர் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். அது அப்படியே எங்கள் எல்லார் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டது. அண்ணன் இறந்த பிறகு, புதுச்சேரியில் இந்தப் பெயரோடு இருப்பது நான் ஒருத்திதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

அந்தப் பயணத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ரெமி கரியான். எழுபதைத் தாண்டியவர், பஸ் ஓட்டுநராக இருந்தவர், மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இணையத்தில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர் ஒன்றில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். ஓர் எழுத்துகூட மாறாமல் இருவர் பெயரும் ஒரே மாதிரி. "நாம் உறவா?" என்று கேட்டிருந்தார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. அந்தத் தீவின் ஆவணக் காப்பகம், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பதிவுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. ரெமி அங்கே தேடினார். நான் இங்கே நூலகங்களின் மின்பதிப்புகளிலும் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் தேடினேன். சாயங்காலம் ஆனால் இருவரும் வீடியோவில் பார்த்ததை ஒப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களைத் தமிழாக்குவது என் வேலை. ஒருநாள் அவருடைய பாட்டனின் பாட்டன் பெயர் கிடைத்தது: கரியான். ஊர் என்ற இடத்தில் இருந்ததை நான் "கரியாலூர்" என்று படித்தேன். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே மலைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதை ரெமியிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து என்னைத் தங்கை என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது.

அவரே வருவதாக இருந்தது. இதயத்தில் கோளாறு, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ போய் நம் வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்" என்றார். போனேன்.

புதுச்சேரியிலிருந்து சேலம் போகும் பஸ் கள்ளக்குறிச்சி வழியாகப் போகிறது. டிக்கெட் நூற்றுப்பத்து ரூபாய். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டி எலவனாசூர்கோட்டை வரும்போது நல்ல மழை. வயல்களில் தண்ணீர் தேங்கி, நடவுக்கு வந்த பெண்கள் உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். கள்ளக்குறிச்சி சேர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எண்ணூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். சுவரெல்லாம் ஈரம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினேன். மலைக்கு பஸ் உண்டு, ஆனால் அதை நம்பி உள் கிராமங்களுக்குப் போக முடியாது. கார் போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும்.

"ஃபால்ஸ் பாக்கவாம்மா?" என்றார்.

"இல்லைங்க. சொந்தக்காரங்களத் தேடி."

"பேரு இன்னா?"

"கரியான்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

கச்சிராயபாளையத்தில் இட்லி சாப்பிட்டோம். அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு மூடுபனி. கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஆனால் மழையில் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஊர் முனையில் இருந்த டீக்கடையில் இறங்கி, கடைக்கார அம்மாவிடம் கரியான் வீடு எது என்று கேட்டேன்.

"எந்தக் கரியான்?" என்றார் அவர்.

"இந்த ஊர்ல கரியான்னு ஒரு குடும்பம்…"

"அது குடும்பம் இல்லீங்க. சாமி பேரு. கரியராமர். இங்க வூட்டுக்கு வூடு ஒரு புள்ளைக்கி வெச்சிடுவாங்க. எங்க மாமனாரு கரியான். தோ, டீ குடிச்சிக்கினு இருக்காரே, அவரும் கரியான்தான். பக்கத்து ஊருங்கள்லயும் எம்மாம் பேரு கீறாங்க."

நான் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு வருடமாக நானும் ரெமியும் அந்தப் பெயரை ஒரு வீட்டின் கதவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த மலையில் எந்த வீட்டிலிருந்து வேண்டுமானாலும் ஒரு கரியான் கப்பல் ஏறியிருக்கலாம். எந்த வீட்டிலிருந்து வேண்டுமானாலும் இன்னொரு கரியான் புதுச்சேரிக்கு நடந்திருக்கலாம்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை சேறு. மழை பிடித்துக்கொண்டதால் அவரை அவர் ஊரில் விட்டுவிடலாம் என்று காரில் ஏற்றிக்கொண்டோம். கடையிலிருந்து நான்கு கிலோமீட்டர். "ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று கட்டாயப்படுத்தி உள்ளே அழைத்தார். அவரும் அவர் தம்பி மனைவி ராணியும் அவள் பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரு ஏக்கரில் சாமையும் மரவள்ளியும். ராணி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள்.

சாப்பிட்டபடியே முழுக் கதையையும் சொன்னேன். கரியான் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கப்பல்ல போனாரே, அவர யாருனா ஏஜெண்டு வந்து கூட்டிக்கினு போனானா?"

"ஆமாங்க. கங்காணின்னு சொல்லுவாங்க. முன்பணம் குடுத்துக் கூட்டிட்டுப் போவாங்களாம்."

"எந்தம்பியயும் அப்டித்தாங்க கூட்டிக்கினு போனான்" என்றார்.

தம்பி பெயர் வெள்ளையன். ஆறு வருடங்களுக்கு முன், ஆந்திரா பக்கம் மரம் வெட்டும் வேலை, பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரு ஏஜெண்டு வந்து ஐந்து பேரை வேனில் ஏற்றிப் போயிருக்கிறான். மூன்று பேர் திரும்பினார்கள். போலீசைப் பார்த்ததும் காட்டில் ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம், அதற்கு மேல் தெரியாது என்றார்கள். ஏஜெண்டின் போன் நம்பர் வேலை செய்யவில்லை.

"ஜெயில்ல பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னாரு. பெங்களூர்ல வேற கல்யாணம் பண்ணிக்கினாருன்னு ஒருத்தர் சொன்னாரு" என்றாள் ராணி. "என் மூஞ்சியப் பாத்துட்டு, எதுனா ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறாங்க. நான் அத வெச்சிக்கினு ஒரு வருசம் ஓட்டுவேன். அப்பறம் அது இல்லன்னு ஆயிடும்."

சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

பிறகு கரியான் கேட்டார். "நூறு வருசத்துக்கு முந்திப் போனவரையே கம்பியூட்டர்ல கண்டுபுடிச்சிட்டீங்க. எந்தம்பி பேரப் போட்டுத் தேடிப் பாக்கறீங்களாங்க?"

"வலது காதுல வெட்டு இருக்கும்" என்றாள் ராணி. "அதயும் போட்டுத் தேடுங்க."

பதிவுகள் எப்படி உண்டாகின்றன என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது? ரெமியின் மூதாதையை எழுதி வைத்தது, அவரை விலைக்கு வாங்கியவர்கள். கணக்குக்காக எழுதினார்கள். வெள்ளையனை வேனில் ஏற்றியவன் எதையும் எழுதவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்றரைக்கு ரெமியோடு பேசுவதாக ஏற்பாடு. அந்த ஊரில் சிக்னல் ரோட்டு வளைவில்தான் கிடைக்கும். கரியானும் துணைக்கு வந்தார். போகும்போது ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: "வயசானவரு, ஒடம்பு சரியில்லாதவரு. எதுனா ஒரு வூட்டக் காட்டி இதான்னு சொல்லிடுங்கம்மா. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"நான் வேணா தம்பின்னு சொல்லிக்கினு பேசறேங்க" என்றார் கரியான். "சந்தோசப்படுவாரில்ல."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. டீக்கடையில் வைத்துக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். ராணி சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

ரெமியின் முகம் திரையில் விட்டுவிட்டு வந்தது. சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பெயர் கரியான், ஆனால் இந்த மலையில் எத்தனையோ பேருக்கு இதுதான் பெயர், நம் வீடு என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றேன்.

"அப்படியென்றால் நீயும்?" என்றார்.

"நானும்தான் ரெமி. நாம் உறவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதற்கு மேல் காகிதத்தில் தெரிந்துகொள்ள வழியில்லை."

அவர் தலையை ஆட்டினார். கரியான் திரைக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் கூப்பினார். ரெமியும் கூப்பினார். இருவருக்கும் பொது மொழி இல்லாததால் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சிக்னல் போய்விட்டது. வளைவில் அரை மணி நேரம் நின்றும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பி நான்கு நாள் கழித்து ரெமியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் சிரமத்துக்கு நன்றி சொல்லியிருந்தார். "மதிப்பிற்குரிய மதாம்" என்று, அலுவலகக் கடிதம் போல ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகு நான் மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. உண்மையைச் சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சாயங்காலம் ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

தேடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாடாதீர்கள். அப்பா பெயர், ஊர், கூடப் போனவர்கள் பெயர் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். மலைக்குப் போகும் முன், அந்தப் பெயர் அந்தப் பகுதியில் எவ்வளவு சாதாரணம் என்று போனிலாவது ஒருவரிடம் விசாரியுங்கள். எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். நவம்பரில் போகாதீர்கள், ஜனவரிக்கு மேல் பாதை நன்றாக இருக்கும். பணமாக எடுத்துப் போங்கள். மலையில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள், ஆனால் அவர்கள் உங்களிடமும் ஏதாவது கேட்கக்கூடும் என்பதற்குத் தயாராகப் போங்கள்.

வெள்ளையனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீதிமன்ற இணையதளங்கள், தெலுங்குச் செய்தித்தாள்களின் மின்பதிப்புகள் எல்லாவற்றையும் பார்க்கிறேன். தெலுங்கு தெரியாததால் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பியிருக்கிறேன். வெள்ளையன் என்ற பெயரில் பலர் கிடைக்கிறார்கள். அப்பா பெயர் பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கரியான் அந்த ரோட்டு வளைவுக்கு நடந்து வந்து கூப்பிடுகிறார்.

"எதுனா தெரிஞ்சுதாங்க?"

"இல்லைங்க."

"சரிங்க" என்கிறார். பிறகு பக்கத்தில் நிற்கும் ராணியிடம் அவர் சொல்வது எனக்குக் கேட்கிறது. "இல்லன்னுதான் சொல்றாங்க. வா, போவலாம்."