புதுமணை புகுவிழா

அழகி எந்த வீட்டையும் மேகத்தின் மேல் தூக்கி வைத்துவிடுவாள். புதுக்கோட்டையில் பிளக்ஸ் அடிக்கும் கடை ஒன்றில் டிசைன் போடுவது அவள் வேலை. புதுமனை புகுவிழாவுக்கு ஆர்டர் வந்தால், கொடுத்த போட்டோவிலிருந்து வீட்டை மட்டும் வெட்டியெடுப்பாள். கரண்ட் கம்பி, மணல் குவியல், பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாம் மறைந்துபோகும். அடியில் கொஞ்சம் மேகம், மேலே நீலம். மனசாலேயே அந்த வீட்டுக்குள் படியேறிப் போய், எந்த ஜன்னலோரம் பாய் விரிக்கலாம் என்று பார்த்துவிட்டுத்தான் பிரிண்டுக்கு அனுப்புவாள்.

அவள் இருந்தது கீழ மூன்றாம் வீதியில், முத்தாள் ஆச்சி வீட்டு மொட்டைமாடியிலுள்ள ஒற்றை அறையில். கூட இரண்டு பேர். பிளெஸ்ஸி, நர்ஸ். ஹரிணி, நகைக்கடையில் சேல்ஸ். டவுனில் தனியாக வீடு பிடிக்க ஒருத்தியாலும் முடியாது, மூவர் சேர்ந்தால் ஒரு அறை முடியும். மூன்று பாய், ஒரு கரண்ட் அடுப்பு. ஜன்னலோரம் ஆளுக்கொரு வாரம்.

ஆனால் அழகி அதை வீடு என்று சொன்னதே இல்லை. "ரூமுக்குப் போறேன்" என்பாள். வீடு என்றால் குன்றாண்டார்கோவிலில் அண்ணன் நாகராசுவின் வீடு. அங்கே போனால் "எப்ப வந்த?" என்பதற்கு முன்பே "எப்பப் போற?" என்று கேட்பார்கள்.

ஒருநாள் ஆச்சி படியேறி வந்து சொல்லிவிட்டார். "அடுத்த மாசம் ரூமை விட்டுருங்கம்மா. எம் மகன் சுந்தரேசன் ஒரு குடும்பத்தைக் கூட்டியாரான்."

"நாங்க மூணு பேரு இருக்கமே ஆச்சி?"

"மூணு பாய் கெடந்தா குடும்பமா? குடும்பம்னா பால் காய்ச்சிக் குடிவரும். நீங்க ஆளுக்கொரு பேக்கைத் தூக்கிக்கிட்டு வந்தவுக."

அதற்குப் பிறகு அழகிக்கு வேலை ஓடவில்லை. கடையில் உட்கார்ந்தாலும் கண்ணுக்குள் அந்த ஜன்னல்தான் நின்றது. அந்த நினைப்பிலேயே, திருமயத்துக்காரர் ஒருவரின் பேனரில் 'புதுமனை' என்பதைப் 'புதுமணை' என்று அடித்துவிட்டாள்.

வாங்க வந்தவர் படித்துப் பார்த்தார். "ஏம்மா, நான் மாடி வீடு கட்டியிருக்கேன். நீ என்னைய மணைப்பலகையில குடியேத்துறியே!" சிரித்துக்கொண்டே வேறு அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வீணான பேனரை அழகி ரூமுக்குக் கொண்டுவந்தாள்.

"சரியாத்தான அடிச்சிருக்க," என்றாள் ஹரிணி. "நமக்கு ஏதுடி மனை? ஆளுக்கொரு மணை அகலந்தான்."

மேற்கு வெயிலை மறைக்க அதை அறை வாசலுக்கு முன்னால் கட்டினார்கள். சாயங்கால வெயில் அதனூடே கசிந்தபோது சுவர், பாய், பாத்திரம், தூங்கிக்கொண்டிருந்த பிளெஸ்ஸியின் முகம் எல்லாமே நீலமாயின. மேகத்து வீடு ஒன்றுக்குள் தான் படுத்திருப்பதாக அழகிக்குத் தோன்றியது. அடுத்த மாசம் இங்கே வேறு யாரோ படுத்திருப்பார்கள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

எழுத்து தெருவைப் பார்த்து இருந்ததை ஒருத்தியும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆச்சி மூச்சு வாங்க மேலே வந்தார். "எதுத்த வீட்டு பிரகதாம்பாள் கேக்குறா, 'மாடியில புகுவிழாவாமே, எங்களுக்குச் சொல்லலையே'ன்னு. என்ன கூத்து இது?"

அழகி தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னாள். ஆச்சி பேனரின் அந்தப் பக்கம் போய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மணையா!" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "ஊரறியப் போர்டு கட்டிட்டுப் பால் காய்ச்சாம விட்டா எங்க வீட்டுக்கு ஆகாதுடி. கீழ வந்து பால் வாங்கிட்டுப் போ."

மாடி அறையில் கரண்ட் அடுப்பில் வைத்த பால் ஏறத் தொடங்கியது. பழக்கத்தில் பிளெஸ்ஸி கையை நீட்டினாள். "தொடாத, பொங்கட்டும்," என்று ஆச்சி அதட்டினார். பால் பொங்கி வழிந்தது. கரண்ட் அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. டம்ளர் மூன்றுதான் இருந்ததால் ஆச்சி கிண்ணத்தில் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து சுந்தரேசனிடமிருந்து போன். ஆச்சி காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூவரும் டம்ளரை இறக்கவில்லை.

"இல்லப்பா, அவுகளுக்கு வேற எடம் பாரு. இங்க பால் காய்ச்சிக் குடிவந்தாச்சு." ஆச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "யாரா? நம்ம மாடிக் குடும்பந்தான்."

அன்று சாயங்காலம், அறை நீலமாகிக் கிடந்த நேரத்தில், நாகராசு போன் செய்தான்.

"எங்க இருக்க?"

"வீட்டுலண்ணே."

"வீட்டுலயா? நான் நம்ம வீட்டு வாசல்லதான நிக்கிறேன், ஒன்னையக் காணமே!"