சார்ஜ் கட்டத்தில் நெல்லும் வளர்மதி அக்காவும்

மானாம்பதி வளர்மதி அக்கா சார்ஜ் கன்னைக் கையில் எடுத்தால் கல்பாக்கம் அணு உலை எழுந்து நின்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொள்ளும். அவள் காருக்குள் போகிற கரண்ட், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறும். இந்தப் பூமியில் எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டே வகை. வளர்மதி அக்கா ஒருத்தி ஒரு வகை. மிச்சம் இருக்கிற கழிசடைகள் எல்லாம் இன்னொரு வகை. உங்களிடம் கார் இருந்தால் நீங்கள் எந்த வகை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் நைனாவின் பஞ்சர் கடை உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் ரோட்டில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்டு, சிமெண்ட் தரையில் பச்சைப் பெயிண்டால் இரண்டு கட்டம் அடித்து, நடுவில் ஒரு சார்ஜ் மிஷினை நட்டிருக்கிறார்கள். கட்டத்துக்கு ஒன்றாக, காரில் செருக இரண்டு கன். காவலுக்கு ஆள் கிடையாது. பள்ளிக்கூடமும் நானும் பிளஸ் ஒன்னில் பேசிப் பிரிந்துவிட்டதால், நாள் முழுக்க டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு, அந்த மிஷினுக்கு நடக்கிற அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருத்தர் பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிழலுக்கு நிறுத்திவிட்டுப் போவார். இன்னொருத்தர் கன்னை அதன் கொக்கியில் மாட்டாமல் தரையில் வீசிவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் டயர் அதன்மேல் ஏறும். கட்டத்தில் உட்கார்ந்து பொங்கல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, நெய்க் கையை மிஷின் திரையில் துடைத்தவரையும் பார்த்தேன். அவர் காரின் சைடு கண்ணாடி இரண்டும் வானத்தைப் பார்த்தபடி எப்படித் திரும்பின என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

வளர்மதி அக்கா அப்படியில்லை. நடவுக்குப் போன கை அவளுடையது. டிராக்டர் ஓட்டுகிறவன் வராமல் போன ஒருநாள், சேற்றிலிருந்து மேலே ஏறி, "சாவியக் குடு" என்று வாங்கி ஓட்டியவள், அதற்கப்புறம் சேற்றில் இறங்கவே இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டினாள். "பொம்பள ஓட்டற வண்டில எவன் ஏறுவான்?" என்று அவள் புருஷன் கேட்டான். ஊரே ஏறியது. அவன் மட்டும் இறங்கிப் போய்விட்டான். பீடை விட்டது. இப்போது மகளிர் குழு மூலமாக வாங்கிய எலக்ட்ரிக் காரை வாடகைக்கு ஓட்டுகிறாள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போனில் ஆப்பைத் திறந்து, மிஷின் உயிரோடு இருக்கிறதா, எந்தக் கன் காலி என்று பார்ப்பாள். வந்ததும், தனக்கு முன்னால் யாராவது காத்திருக்கிறார்களா என்று இறங்கிக் கேட்பாள். முன் கண்ணாடிக்குள் ஓர் அட்டை வைத்திருக்கிறாள். அதில் அவள் போன் நம்பரும், வண்டியை எப்போது எடுப்பாள் என்பதும் இருக்கும். எண்பது சதவீதம் ஆனதும் கன்னைக் கழற்றிவிடுவாள். கடைசி இருபதுக்கு மிஷின் நத்தை மாதிரி ஊரும், அந்த நேரத்தில் இன்னொருத்தன் பாதி வயிற்றை நிரப்பிக்கொள்வான் என்பாள். அடுத்தவர் காரில் மாட்டியிருக்கிற கன்னை, நூறு காட்டினாலும், கேட்காமல் தொட மாட்டாள். ஆனால் அவள் கேட்கிற கேள்வி மானாம்பதி வரைக்கும் கேட்கும்.

வாரத்தில் மூன்று நாள் அவள் காரில் செங்கல்பட்டுக்குப் போகிறவர் தானியேல். இரண்டு கிட்னியும் போய்விட்டன. டயாலிசிஸ் சென்டரில் படுத்து, மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். எனக்கும் அவருக்கும் ஆகாது. நான் செய்கிற எல்லாவற்றையும் நைனாவிடம் போட்டுக் கொடுக்கிறவர் அவர். சென்டருக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒருமுறை அப்படி ஆகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஸ்டூலில் தடவ வைத்திருந்த கிரீஸை நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான். பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாசியில் யாரும் கேட்காமல் ஒரு மழை வந்தது பாருங்கள், அந்த வாரம்தான் இது நடந்தது. மானாம்பதியில் விடிய விடியக் கரண்ட் இல்லை. அக்கா வீட்டில் செருகி வைத்த கார் பட்டினியாகவே நின்றிருக்கிறது. காலையில் தானியேலைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அவள் எங்கள் கடைப் பக்கம் வந்தபோது பேட்டரியில் எட்டு சதவீதம். செங்கல்பட்டுக்குப் பாதி தூரம்கூடத் தாண்டாது. ஒரு கன் காலி என்று ஆப் சொன்னதை நம்பி வந்திருக்கிறாள்.

இடது கட்டத்தில் ஒரு வெள்ளைக் கார். திரையில் நூறு. ஆளும் இல்லை, அட்டையும் இல்லை. எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், யாரெல்லாம் பொறுப்புக்கு வரத் தகுதியில்லாதவர்கள் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தார் அந்தக் காரைக் கொண்டுவந்த சென்னைக்காரர். என்னிடம்தான் வழி கேட்டார். நன்றாகத் தேடினால் அவர் பெயரும் அதில் இருக்கும்.

வலது கட்டத்தில் நெல்.

ஆமாம், நெல். நெல்லைக் காட்டுகிற ஆப் இன்னும் வரவில்லை. கொள்முதல் நிலையத்தில் முறை வராமல் காத்திருந்த ஆண்டாளம்மாள், தூறல் விழுந்ததும் தன் குத்தகை நிலத்து நெல்லை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கூரை இருக்கிறது, தரை வழவழவென்று இருக்கிறது என்று கட்டம் முழுக்கக் கொட்டிப் பரப்பிவிட்டார். ரோட்டில் காயப் போட்டால் வண்டி ஏறாமல் சுற்றிக் கல் வைப்போமே, அதேபோல இங்கேயும் கல் வைத்துவிட்டு, காலால் கோடு கோடாக உழுதுகொண்டிருந்தார்.

"யக்கா, இன்னா வேல இது?" என்று இறங்கும்போதே ஆரம்பித்தாள் வளர்மதி அக்கா. "கார் நிக்கற எடத்துல நெல்லக் கொட்டி வெச்சிக்கினு கீற?"

"காத்தாலேர்ந்து எடம் சும்மாதானே கீது."

"சும்மா கீதுன்னு உன் வூட்டுக் கூடத்துல நான் காரக் கொண்டாந்து உட்டா உடுவியா?"

"ஏன் உடமாட்டேன்? வாசப்படிதான் பத்தாது."

"இந்தாளு மூஞ்சப் பாரு. நேரத்துக்குப் போலன்னா மூச்சு முட்டும் இவுருக்கு."

"என் நெல்லப் பாரு. ஈரம் ஏறிச்சின்னா கைலகூட வாங்க மாட்டான். எனக்கும்தான் முட்டும்."

காருக்குள்ளிருந்து தானியேல் மெல்லச் சொன்னார்: "வளரு, உடும்மா. பேஜார் பண்ணாத. நாளிக்கிப் போய்க்கலாம்."

"நாளிக்கி நீ இருக்கணுமே பெரிப்பா! வாய மூடிக்கினு உக்காரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக் காரிலிருந்து கன்னைப் பிடுங்கப் போனேன். அசையவில்லை. சாவி வைத்திருக்கிறவன் திறந்தால்தான் அது வாயைத் திறக்குமாம்.

"கீர்த்தி! கைய எடுடீ! ஒடஞ்சிதுன்னா அதுவும் போச்சி. அவன் தப்பு பண்ணா நாமளும் பண்ணணுமா?"

"கொஞ்சமா பண்ணலாம்க்கா."

முறைத்தாள். நைனாவைப் பார்த்தாள். அவர் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார், அந்த ஆளைப் பிடித்து வர. அவர் போன கையோடு தூறல் மழையாகிவிட்டது. நெல்லை இனி வெளியே தள்ளவும் முடியாது. தள்ளச் சொல்ல அக்காவுக்கு வாயும் வரவில்லை. வலது கட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வயரை எடுத்து நீளம் பார்த்தாள். அவள் காருக்குச் சார்ஜ் வாய் பின்பக்கம் இடது ஓரத்தில் இருக்கிறது. ஓரக் கல் இரண்டை மட்டும் தள்ளி வைத்துவிட்டு, காரை ரிவர்ஸ் எடுத்து, பின் பம்பர் நெல்லைத் தொடுகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினாள். நெல் கூரைக்குக் கீழே; கார் மழையில்.

"யக்கா, உன் தார்ப்பாய இங்க புடி. சொட்டுத் தண்ணி வாய்க்குள்ள போவக் கூடாது."

ஆண்டாளம்மாள் தார்ப்பாயைப் பிடித்தபடியே அலறினார்: "அய்யோ, மழைல கரண்டு கொடுக்கறியே! என் நெல்லுல பாஞ்சிட்டா?"

"பாஞ்சா பொரியா அள்ளிக்கினு போ." தானியேலின் துண்டை வாங்கி அக்கா கையைத் துடைத்தாள். கன்னின் மூக்கைத் துடைத்தாள். வயரில் எங்காவது வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். "மழைக்குத் தாங்கற மாதிரிதான் செஞ்சிருக்கான். நம்ம கையும் இத்தோட வாயும் காஞ்சிருக்கணும், அவ்ளோதான்."

செருகினாள். மிஷின் முனகியது. எட்டு, ஒன்பது ஆனது.

ஏறியதுதான். ஆனால் தானியேல் கடைக் கடிகாரத்தைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்துவிட்டது, நேரம் போதாது என்று. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம் இருக்கிறதே, அது வயிற்றுவலி மாதிரி. நான் கடைக்குப் பின்னால் போனேன். சென்டர் சிஸ்டர் சோபியாவின் நம்பர் என்னிடம் இருந்தது. தானியேல் போனைச் சார்ஜ் போட எங்கள் கடையில் கொடுத்தபோது எடுத்து வைத்தேன். எதற்கா? சும்மாதான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை இறக்கினேன்.

"வணக்கம். மாவட்ட சிறுநீரக நலக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்."

அப்படி ஓர் அலுவலகம் எனக்குத் தெரிந்து கிடையாது. இருந்திருந்தால் இந்த வேலையை அவர்களே செய்திருப்பார்கள்.

"சொல்லுங்க மேடம்," என்றார் சிஸ்டர். என் வாழ்க்கையில் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள்.

"தானியேல் என்கிற நோயாளி சாலைக் கோளாறு காரணமாகச் சற்றுத் தாமதமாக வருவார். அவருடைய படுக்கையை..."

இவ்வளவு சொல்லியிருக்கும்போது முன்பக்கம் சண்டை வெடித்தது. நைனா அந்தச் சென்னைக்காரரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

"சார், உன் வண்டி நூறு ஆகி எவ்ளோ நாழி ஆவுது தெரியுமா?"

"ஃபுல் ஆகட்டும்னு விட்டேன்மா. அதுக்குத்தானே இது இருக்கு?"

"ஃபுல்லாகி ஏப்பம் உட்டுக்கினு நிக்குது! பந்தில துன்னு முடிச்சவன் எலயிலயே படுத்துத் தூங்குவானா? பின்னாடி நிக்கறவனுக்கு வயிறு இல்லியா? ஒரு போன் நம்பர் எழுதி வெச்சா கையி தேஞ்சிடுமா?"

"சாரிதான் சொல்றேனே, எதுக்குக் கத்தறீங்க?"

"கத்தறனா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

போனைக் கையால் பொத்தினேன். அக்கா குரலுக்கு என் உள்ளங்கை எந்த மூலைக்கு? "நிறுத்தி வைக்கவும், நன்றி" என்று அவசரமாக முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முன்னால் வந்து ஒரு டியூபைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சென்னைக்காரர் கன்னைத் தரையில் போடப் போனார். அக்கா முகத்தைப் பார்த்தார். கொக்கியில் மாட்டினார். கார் நகர்ந்தது. ஆண்டாளம்மாள் ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல், காலியான அந்த இடது கட்டத்தை ஆசையோடு பார்த்தார்.

"அங்க ஒரு மணி நெல்லு உழுந்துது, யக்கா, நானே பொரிச்சி வித்துடுவேன்," என்றாள் அக்கா.

போய்ச் சேருகிற அளவுக்கு ஏறியதும், அதற்குமேல் ஒரு புள்ளிக்குக்கூட நிற்காமல் கன்னைக் கழற்றி மாட்டினாள். திரும்பி வரச் செங்கல்பட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்றாள். காரை ஸ்டார்ட் செய்தபோது அவள் போன் அடித்தது. கார் ஸ்பீக்கரில் சிஸ்டர் சோபியாவின் குரல்.

"வளர்மதி, எங்க வர்றீங்க?"

"லேட்டாயிடுச்சி சிஸ்டர், இப்பத்தான் கெளம்பறேன். படுக்கைய யாருக்கும் குடுத்துடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்..."

"வெச்சிருக்கேன், பதறாம வாங்க. அடுத்த ஆளும் இன்னும் வரல. அதான் மேடம் போன் பண்ணிட்டாங்களே."

"எந்த மேடம்?"

"கிட்னி கண்காணிப்பு மேடம். அவுங்க உங்க வண்டிலதான் வர்றாங்களா? பேசும்போது பின்னாடி நீங்க யாரையோ 'எலயிலயே படுத்துத் தூங்குவானா'ன்னு கத்தினது நல்லா கேட்டுது."

நான் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடினேன். அந்த டியூபில் ஓட்டையே கிடையாது, புது டியூப். சிஸ்டர் போனை வைக்கும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கவில்லை. தூக்காமலேயே தெரிந்தது, காருக்குள்ளிருந்து நாலு கண் என் உச்சந்தலையில் இருக்கிறது என்று.

பின் கதவு திறந்தது.

"மேடம்," என்றாள் வளர்மதி அக்கா. "உங்களத்தான் மேடம். இவ்ளோ தூரம் கண்காணிச்சிட்டீங்க. ஏறுங்க, மிச்சத்த நேர்லயே வந்து கண்காணிங்க."