சீனி போடாத டீ

1. மூன்று மாதக் கெடு

மலேசியாவில் குருண் என்ற ஊருக்கு வெளியே ஒரு மரச்சாமான் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் கேண்டீன் நடத்தினேன். இப்போது கைக்கு ஓய்வு, வாய்க்கு இல்லை. புதிதாகக் கேண்டீன் எடுக்கும் பிள்ளைகள் வந்து யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது கணேசனுடைய டீயைப் பற்றித்தான்.

கணேசன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். வேலைக்கு வந்த புதிதில் அவன் சட்டை காற்றில் பறக்கும். எட்டு வருடத்தில் பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாமல் போய்விட்டது. ஃபேக்டரியின் வருட மெடிக்கல் செக்கப்பில் டாக்டர் அவன் எடையையும் ரத்தத்தில் சீனியையும் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் இரண்டும் இறங்காவிட்டால் வண்டியில் ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார். அவன் அப்பாவும் அம்மாவும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை சுமந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்து ஓட்டும் வேலைக்கு வந்த முதல் ஆள் அவன்தான்.

அன்றிலிருந்து சோறு பாதி. எண்ணெயில் சுட்ட ரொட்டி சானாய் கிடையாது. பொரித்த கோழிப் பக்கமே திரும்ப மாட்டான்.

"டீ மட்டும் குடுங்க அக்கா. சீனி போடாதீங்க."

"ஒரு கரண்டி கூடவா வேணாம்?"

"வேணாம்லா. டாக்டர் கொன்னுடுவாரு."

நான் சீனி டப்பாவைத் தொடவே இல்லை. ஆனால் பாதித் தட்டோடு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. மற்றவர்களுக்கு டின் பால் இரண்டு கரண்டி என்றால் அவனுக்கு நான்கு ஊற்றினேன். இனித்தாலும் அது பாலுடைய இனிப்புதானே, தெம்பாக இருக்கட்டும் என்று நினைப்பு. அவனும் அப்படி நினைத்துத்தான் குடித்தான். ஒரு நாளைக்கு நான்கு கிளாஸ், ஓவர்டைம் இருந்தால் ஐந்து.

2. "படிங்க"

இரண்டு மாதத்தில் அவன் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. ஃபேக்டரி கிளினிக்கின் நர்ஸ் கமலா மிஸி அவனைப் பிடித்து ஏசினார்.

"வீட்டுல என்னடா திருட்டுத்தனமா தின்னுற? உண்மைய சொல்லு."

அவன் சத்தியம் செய்தான். மிஸி நம்பவில்லை. ஆனால் விடுகிற ஆளும் இல்லை, மறுநாள் கேண்டீனுக்கே வந்துவிட்டார்.

"ரோஸக்கா, அவனுக்குப் போடுற டீய எனக்குப் போட்டுக் காட்டுங்க."

பெருமையாகத்தான் கலக்கினேன். நான்காவது கரண்டியில் மிஸி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சீனி போடலன்னு சொன்னீங்களே?"

"போடலையே மிஸி. வெறும் பாலுதான்."

அவர் டின்னைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "படிங்க."

மலாய் எனக்கு நன்றாகப் படிக்க வரும். முதல் சொல்லே 'குலா', அதாவது சீனி. அடுத்து பாமாயில். பால் அதற்கும் பிறகுதான் வந்தது. தினமும் அந்த டின்னில் ஓட்டை போட்ட நான், ஒரு நாளும் அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்ததில்லை.

டீ ஒன்றுதான் காரணம் என்று மிஸி சொல்லவில்லை. முன்பு தின்ற மீ கோரேங் நூடுல்ஸ், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, தூக்கக் குறைவு எல்லாம் சேரும் என்றார். ஆனால் அவன் பட்டினி கிடந்து ஒதுக்கிய சோற்றை நான் கிளாஸில் ஊற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

3. நானே சொன்னேன்

வாயை மூடிக்கொண்டு பாலை மட்டும் குறைத்திருக்கலாம். ஆனால் அவன் ஒளித்துத் தின்கிறான் என்று அவன் மனைவி கூட நம்பத் தொடங்கியிருந்தாள். அந்தப் பழி அவன் மேல் நிற்க நான் விடவில்லை.

"கணேசா, உன் டீயில சீனி போட்டது நான்தான். பாலுன்னு நெனச்சு ஊத்திட்டேன்."

அவன் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"பரவால்லக்கா. எல்லாரும் ஏசுனாங்க. நான் பசியோட இருந்தத நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க."

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மீதி இருந்த ஒரு மாதம் போதவில்லை. அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கை முகம் சுளித்துக்கொண்டே குடித்துப் பழகினான். அடுத்த வருட மெடிக்கலில் தேறிவிட்டான். ஆனால் அவன் வண்டியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். கணேசன் இன்றும் பேக்கிங்கில்தான் நிற்கிறான்.

அதனால் கேண்டீன் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாப்பிட வருகிறவர் மேல் இரக்கம் வந்தால் நல்லதுதான். கரண்டியை எடுக்கும் முன் டின்னைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.