ஓரம் கறுத்த கடுதாசி

அடுத்த வீட்டுக்கு வந்த கடுதாசியில் என்ன இருந்தது என்று கேட்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா? இருக்கிற வேலையை விட்டுவிட்டு, வம்பு என்றதும் காதைத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். சரி, வந்தது வந்துவிட்டீர்கள். எனக்கும் நாக்கு அரிக்கிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போய், வீட்டில் காலியாக இருக்கிற நாற்காலியைப் பார்த்துப் பயந்தால் என்னிடம் வந்து நிற்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

விளக்குக் கரியின் வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ச் சர்ச்சும், அதை ஒட்டியிருந்த பாஸ்டரய்யா வீடும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். நாங்கள் நெல் பயிரிடுகிற குடும்பம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் நான் சர்ச் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருப்பேன். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் பாஸ்டரய்யா, "ஜெர்மன் பாஸ்டர் கடுதாசி"யைத் தமிழில் படித்துக் காட்டுவார்.

ஜெர்மனியில் ஏதோ ஒரு சிற்றூரில் இவரைப் போலவே சின்னச் சர்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான மனிதர் அவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் இரவல் மொழி. ஆனாலும் எழுதித் தள்ளினார்கள். பனி பெய்தால் எங்கள் சர்ச்சில் கூட்டம் குறைகிறது, உங்கள் ஊரில் எப்படி என்று அவர் கேட்பார். இங்கே பக்கத்துத் தெருவில் கல்யாணச் சாப்பாட்டு வாசனை வந்தால் குறைகிறது என்று இவர் பதில் போடுவார். சனிக்கிழமை சாயங்காலமானால் பாஸ்டரய்யா ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடுவார். அவர் மனைவி அன்னம்மாவை நாங்கள் பாஸ்டரம்மா என்போம். எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எங்கள் அம்மாவிடம் சொல்லுவாள்:

"எங்க ஊட்டுக்காரரு எங்கிட்ட நாலு வார்த்த பேசணும்னா, ஜெர்மனிக்குப் போயி ஒரு லெட்டர் போட்டாத்தான் உண்டு!"

அப்போதெல்லாம் நல்ல சேதிக் கடுதாசிக்கு மூலையில் மஞ்சள் தடவுவார்கள். சாவுச் சேதிக்குக் கறுப்பு. கறுப்புத் தடவிய கடுதாசி வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வெளியிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகிவிட வேண்டும். இந்தச் சட்டத்துக்கு இந்து, கிறிஸ்தவர் என்றெல்லாம் பேதம் கிடையாது.

ஒரு நாள் பாஸ்டரய்யா திருப்பாச்சூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தை நடத்தி வைக்கப் போயிருந்தார். தபால்காரர் ஜெர்மனி ஸ்டாம்பு ஒட்டிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உறையின் நாலு ஓரத்திலும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. பாஸ்டரம்மா, "ஐயோ, கெழவரு பூட்டாரே!" என்று ஒரு கத்துக் கத்தி, பிரிக்காமலேயே சுக்குநூறாகக் கிழித்து வாய்க்கால் தண்ணீரில் விட்டுவிட்டாள். கறுப்பும் வெள்ளையுமாகத் துண்டுகள் மிதந்து போனதை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வந்த பாஸ்டரய்யாவுக்கு முகம் செத்துவிட்டது.

"அவரு கையெழுத்தா இருந்துச்சா?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? மிசின்ல அடிச்ச எழுத்து. நாலு பக்கமும் கருப்பு. சாவுக் கடுதாசிய ஊட்டுக்குள்ள வெச்சிக்கினு உங்களுக்கு சோறு போடச் சொல்றீங்களா?"

போன கடுதாசியில்தான் ஜெர்மன் பாஸ்டர் நெஞ்சுச் சளியோடு படுத்திருப்பதாக எழுதியிருந்தார். கையெழுத்தும் இல்லை என்றால் வேறு என்ன நினைப்பது? மறுநாள் துக்க மணி அடித்தார்கள். சர்ச்சில் மாட்டியிருந்த ஜெர்மன் பாஸ்டர் படத்துக்கு மாலை விழுந்தது. பாஸ்டரய்யா அவருடைய மனைவிக்கு ஆறுதல் கடுதாசி ஒன்றை எழுதி, தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் தமிழில் படித்தார். ஜன்னலில் தொங்கிய எனக்கு இன்றைக்கும் அது மனப்பாடம்.

"அம்மா, அவர் உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தாதீர்கள். பயந்துகொண்டு அதன்மேல் துணியைக் குவித்து மறைக்காதீர்கள். காலியாகவே இருக்கட்டும். சாயங்காலம் அதன் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள். கேட்கிறவர் எங்கே இருந்தாலும் கேட்பார்."

அதற்குப் பிறகும் சனிக்கிழமை வந்தால் பாஸ்டரய்யா நாற்காலியில் உட்காருவார். முன்னால் வெற்றுத் தாள் இருக்கும், பேனா மூடி திறந்திருக்கும், எழுத்து மட்டும் விழாது. யாரோ எதிரில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார். சோறு இறங்கவில்லை. பிரசங்கம் பாதியில் நின்றுபோகும். சட்டை தோளிலிருந்து தொங்கத் தொடங்கியது. ஒரு நாள் பாஸ்டரம்மா சுவர் மேலே எக்கி எங்கள் அம்மாவைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் குரல் அம்மாவையும் ஒட்டி நின்ற என்னையும் தாண்டிக் கேட்கவில்லை.

"தங்கச்சி, செத்தவரு எங்க ஊட்டுக்காரர இழுக்கறாரு போலக்குது. ஒரே பேஜாரா இருக்குது. உங்க ஆத்தா கோயில்ல ஒரு கருப்புக் கயிறு வாங்கினு வாயேன். நாற்காலி காலுல கட்டினா யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்க சாமி கோவிச்சுக்காதா, அக்கா?"

"அவரு பெரிய மனசுக்காரரு. நீ வாங்கினு வா."

கயிறு கட்டியாயிற்று. பாஸ்டரய்யா அதைப் பார்த்தாரா இல்லையா, கடைசிவரை தெரியாது.

பிறகுதான் அந்தக் கடுதாசி வந்தது. தபால்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்டரம்மா, இது அவரு கையெழுத்துதான். எத்தினி வருசமா பாக்கறேன்."

"கிட்ட வராத! செவுத்து மேல வெச்சிட்டுப் போ!"

சுவர் மேல் வைத்துக் கல்லைப் பாரமாக ஏற்றினார். செத்தவர் போட்ட கடுதாசி வெயிலில் கிடந்தது. காற்றில் அதன் முனை ஒரு தடவை தூக்கியதும், சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஓட்டம் பிடித்தோம். பாஸ்டரய்யா வந்து, நின்றபடியே பிரித்துப் படித்தார். படித்துவிட்டுச் சுவரோரம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பாஸ்டரம்மா பயந்துபோய், "இன்னாங்க, கூப்புடறாரா?" என்று கேட்டாள்.

"இல்ல அன்னம்மா. செத்தது அவரு சம்சாரம். அந்தக் கருப்புக் கடுதாசி அதுக்கு அச்சடிச்சதாம்."

அந்த ஊரிலும் சாவுச் சேதிக்குக் கறுப்புக் கரைதான் போடுவார்களாம். செத்துப்போன மனைவியின் பேருக்கு, புருஷன் செத்துவிட்டதாக நினைத்துப் பாஸ்டரய்யா எழுதிய ஆறுதல் கடுதாசி போய்ச் சேர்ந்திருக்கிறது. பிரித்துப் படிக்க வீட்டில் அந்தப் புருஷனைத் தவிர யாரும் இல்லை. அவர் எழுதியிருந்ததைப் பாஸ்டரய்யா அங்கேயே எங்களுக்குச் சொன்னார்:

"நீங்கள் எழுதியிருக்கிற அந்த நல்ல மனிதனை எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அதனால் அவள் கல்லறைக்குக் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டினேன். இப்போது அவள் நாற்காலிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

அன்றைக்குப் பாஸ்டரய்யா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். படத்தில் போட்ட மாலையை மட்டும் யாரும் கழற்றவில்லை. போட்டதை எடுத்தால் அது வேறு தோஷமாகிவிடுமோ என்று பயம். உயிரோடு இருக்கிற மனிதர், மாலையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பாஸ்டரய்யா போய்விட்டார். இந்தத் தடவை சந்தேகமே இல்லை. நாங்களே போய் மண் போட்டோம். பாஸ்டரம்மா அந்த நாற்காலிமேல் துவைத்த துணி, துவைக்காத துணி எல்லாவற்றையும் மலைபோலக் குவித்துவிட்டாள். ஆனால் ஜெர்மனியிலிருந்து கடுதாசி வருவது நிற்கவில்லை. இல்லாதவர் பேருக்கு, ஏன் பதில் இல்லை என்று கேட்டோ என்னவோ, வந்துகொண்டே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. புதுப் பாஸ்டரும் வந்து சேரவில்லை.

"அந்த மனுசன் காத்துக்கினு இருக்காரே, ருக்கு," என்றாள் என்னிடம்.

ஒரு நாள் விளக்கை ஏற்றி, அதன்மேல் தகரத்தைக் காட்டிக் கரி பிடித்தாள். விரலால் தொட்டு, ஒரு வெற்று உறையின் நாலு ஓரத்திலும் நிதானமாகத் தடவினாள். பழைய கடுதாசியின் பின்பக்கத்தில் இருந்த ஜெர்மன் பாஸ்டர் விலாசத்தைப் பார்த்து எழுதும்படி என்னிடம் சொன்னாள். அந்த எழுத்தில் ஒன்று கூடத் தெரியாமல், கோலம் போடுகிற மாதிரி வளைத்து வளைத்து வரைந்தேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

"அவங்க ஊருலயும் கருப்புன்னா இதானே? புரிஞ்சிக்குவாரு."

புரிந்துகொண்டார். அவரிடமிருந்து பதிலுக்கு வந்த உறையிலும் நாலு பக்கமும் கறுப்பு. பாஸ்டரம்மா அதைக் கிழிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, அரிவாள்மனையில் ஓரத்தைச் சீவிப் பிரித்தாள். உள்ளே ஜெர்மன் பாஸ்டர் எழுதியது ஒரு வரி கூட இல்லை. பழுப்பேறிய இரண்டு தாள்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தக் கையைத் தெரியும். சனிக்கிழமைதோறும் பார்த்த கை.

புருஷனை இழந்தவளுக்குப் பாஸ்டரய்யா எழுதிய அந்த ஆறுதல் கடுதாசி.

தாளில் விரலை ஓட்டிக்கொண்டே, சர்ச்சில் கேட்டதை நினைவிலிருந்து சொல்லிக்கொண்டு போனாள். விரல் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். "பயந்துகொண்டு அதன்மேல் துணியைக் குவித்து..." என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். எழுந்து உள்ளே போய், ஒவ்வொரு துணியாக எடுத்துக் கீழே வைத்தாள். காலில் கறுப்புக் கயிறோடு நாற்காலி காலியாக நின்றது. அதன் எதிரில் உட்கார்ந்து, "மழ வுட்டுடுச்சிங்க," என்றாள்.

நான் ஓடி வந்துவிட்டேன்.

இப்போது அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் நீளமான மதில் இருக்கிறது. வாய்க்கால் இல்லை, குட்டைச் சுவர் இல்லை. ஷிப்டு பஸ்ஸும் எளாவூர்ப் பக்கம் போகிற லாரியும் புழுதியைக் கிளப்புகின்றன. சர்ச்சைச் சாலையின் அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிவிட்டார்கள். மாலை போட்ட படம் எங்கே போனதோ, அந்த மனிதர் எப்போதுதான் செத்தாரோ, எங்களுக்கு யாரும் எழுதவில்லை. விளக்குக் கரி பிடிக்கிற வீடும் இப்போது இல்லை; கரண்டு போனால் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

அன்றைக்கு ஓடி வந்தவளைக் குழாயடியில் பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். உங்களை மாதிரிதான், விடவே இல்லை.

"இன்னாடி ருக்கு, பாஸ்டரம்மா ஊட்டுக்குக் கருப்புக் கடுதாசி வந்துச்சாமே? யாரு செத்துட்டாங்க?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னேன்:

"யாரும் சாவல. பாஸ்டரய்யாதான், ஜெர்மனிக்குப் போயி பொண்டாட்டிக்கு ஒரு லெட்டர் போட்டுக்கீறாரு."