பாதி அழிந்த பலகை

அறுபதுகளில் செஞ்சியில் டீச்சராக இருந்தபோது, பள்ளியின் காலி அறையொன்றில் பிள்ளைகளுக்காகப் பொருட்காட்சி வைத்தேன். வயலில் கிடைத்த பீரங்கிக் குண்டு, தூக்கணாங்குருவிக் கூடு, கடைவீதி பாய் இரவல் தந்த சுவர்க் கடிகாரம். கடிகாரம் கெட்டுப்போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'கை வைக்காதே' என்று பலகையில் எழுதி மாட்டினேன்.

பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப்போய், நாலாம் வகுப்பு ரத்னா பின்பாதியைத் தேய்த்துவிட்டாள். 'கை வை' மட்டும் மிஞ்சியது. நான் துணி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பிள்ளைகள் கடிகாரத்தை மொய்த்திருந்தார்கள். வாசலில் பாய். பதறிப்போய்ப் பிள்ளைகளை விலக்க ஓடினேன்.

அவர் பலகையைப் படித்தார்.

"இன்னா டீச்சர், கை வைன்னு நீங்களே எழுதி மாட்டிட்டு, நீங்களே பதறுறீங்க?"

கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி பெஞ்சில் வைத்து, ரத்னாவிடம் சாவியைக் கொடுத்தார். "மெதுவா திருப்பு பாப்பா."

அப்புறம் ஊரார் கிணற்றுக் கப்பி, தராசு, நூல் நூற்கும் ராட்டினம் என்று கொண்டுவந்து கொடுக்க, பொருட்காட்சி பக்கத்து அறைக்கும் பரவியது. ஒவ்வொரு பிள்ளையும் கை நீட்டும்போது என் நெஞ்சு படபடக்கத்தான் செய்தது. ஆனால் பலகையின் பின்பாதியை நான் திரும்ப எழுதவேயில்லை.