மகாராஜாவின் கடைசி வணக்கம்

நாடகத்துறையில் அவளுக்கு மிளகாய் மேடம் என்று பெயர். மாணவர்கள் வைத்ததுதான். காதில் விழுந்த அன்று அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லையே, வெண்டைக்காய்னு வைக்காம விட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள். பேராசிரியர், நடிகை, இயக்குநர் என்று மூன்று வேலையையும் ஒரே உடம்பில் சுமந்தவள். மூன்றிலும் பேர் வாங்கியவள். ஆனால் அவளைக் காலையில் எழுப்பி, நடக்கவைத்து, வேலை வாங்கியது ஆசையோ லட்சியமோ அல்ல. ஒரே ஒரு மனிதர்மேல் இருந்த ஆத்திரம்.

அந்த மனிதருக்கு மகாராஜா என்று பெயர். அதுவும் பட்டப்பெயர்தான். துறையைத் தொடங்கியவர், அதன் முதல் தலைவர். ஆறடி உயரம், வெண்கலக் குரல். மேடையில் ராஜா வேஷத்தைத் தவிர வேறு எதையும் கட்டமாட்டார். மேடையை விட்டு இறங்கிய பிறகும் அதைக் கலைக்கமாட்டார் என்பது கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவள் அவரிடம் படிக்க வந்தபோது துறைக்கென்று கட்டடம்கூட இல்லை. பழைய வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்றை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். காதல் காட்சியானாலும் சாவுக் காட்சியானாலும் அமில வாடை மூக்கைத் துளைக்கும். வீட்டில் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அவனவன் படிக்காமலே நல்லா நடிக்கிறான். இதைப் போய் நாலு வருஷம் படிக்கணுமா?" என்றார். அவள் படித்தாள், முதல் ஆளாகத் தேறினாள், அங்கேயே விரிவுரையாளராகவும் ஆனாள்.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பல்கலைக்கழகத்துக்குப் பொன்விழா வந்தது. பெரிய நாடகம் போடவேண்டும், இயக்கம் மகாராஜா என்று முடிவாயிற்று. முடி துறந்த அரசன் ஒருவன் அடையாளம் தெரியாமல் தன் அரண்மனைக்கே வேலைக்காரனாகத் திரும்பி வரும் கதை. முதல் ஒத்திகைக்கு மகாராஜா வந்தார், எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துத் தன் பெருமையைப் பேசினார், கிளம்பினார். அடுத்த வாரம் அவருக்குச் சினிமாவில் வேஷம் கிடைத்துவிட்டது. "நீ பாத்துக்கோம்மா. நான் வந்து மெருகு போட்டுடறேன்" என்று தொலைபேசியில் சொன்னவர், அதன்பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் பார்த்துக்கொண்டாள். ஓடாய்த் தேய்ந்தாள் என்றே சொல்லலாம். யார் எங்கே நிற்பது, எந்தச் சொல்லில் திரும்புவது, விளக்கு எப்போது மங்குவது, எல்லாம் அவள் கணக்கு. மூலப் பிரதியில் அரசன் சிம்மாசனத்தில் விழுந்து சாவான். அவள் அதை மாற்றினாள். அரசன் சிம்மாசனம் வரைக்கும் போவான், அதைத் துடைப்பான், துடைத்துவிட்டுத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவான். நாடகம் முழுக்க நின்றுகொண்டே இருந்தவன் உட்காருவது அப்போதுதான். ஒத்திகையில் அதைப் பார்த்த தையல்காரரே ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

நாடகம் முடிந்ததும் கடைசி வணக்கம் என்று ஒன்று உண்டு. பார்ப்பவர்களுக்கு அது கைதட்டுகிற நேரம். மேடைக்காரர்களுக்கு அதுவும் ஒரு காட்சி, ஒத்திகை பார்த்துத்தான் செய்வார்கள். முதலில் சின்ன வேஷக்காரர்கள், பிறகு பெரிய வேஷக்காரர்கள், கடைசியில் கதாநாயகன் தனியாக வந்து வணங்குவான். வணங்கிவிட்டுப் பக்கத்திரையைப் பார்த்துக் கையை நீட்டுவான். அப்போதுதான் இயக்குநர் மேடையேறவேண்டும். கதாநாயகன் கூப்பிடாமல் ஏறுவது கிடையாது.

அன்று அரசனாக நடித்தவன் கை நீட்டியது அவளைப் பார்த்துத்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தும்விட்டாள். தோளில் ஒரு கை விழுந்தது. "ஒரு நிமிஷம்மா." மகாராஜா! அன்று மாலைதான் ஊர் திரும்பியிருந்தார். நாடகத்தையே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருந்தார். அவளை அலுங்காமல் ஓரமாக நகர்த்திவிட்டு, நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறிவிட்டார். பையன் என்ன செய்வான், பாவம், மார்க் போடுகிறவர் அவரல்லவா.

கூட்டம் எழுந்து நின்றது. மகாராஜா பேசினார். அரசன் சிம்மாசனத்தில் உட்காராமல் தரையில் உட்காரும் யோசனை ஒரு விடியற்காலையில் தனக்கு எப்படி உதித்தது என்று நா தழுதழுக்க விளக்கினார். முடிக்கும்போது, "உள்ள நம்ம பொண்ணு ஒருத்தி இருக்கா. துணிமணி, டீ, காபின்னு ஓடி ஓடிக் கவனிச்சுக்கிட்டா. அவளுக்கும் ஒரு கைதட்டு குடுங்க" என்றார். கொடுத்தார்கள். பக்கத்திரைக்குள் நின்று அந்தப் பிச்சையை வாங்கிக்கொண்ட அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் அவர் அறைக்கே போய்க் கேட்டாள். "நாடகம்னா கூட்டு முயற்சிம்மா. யார் பேர்ல இருந்தா என்ன?" என்றார்.

"அப்போ என் பேர்லயே இருக்கட்டுமே சார்" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நகைச்சுவை வேஷம் அவளுக்கு நன்றாக வரும் என்று பாராட்டி அனுப்பினார். அந்த நாடகம் பரிசுகளை அள்ளியது, அவரைப் பெரிய பதவியில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

அன்றைக்கு அவள் கறுவிக்கொண்டாள். இந்த ஆளே ஒருநாள் மேடையிலிருந்து கை நீட்டிக் கூப்பிடவேண்டும், அதுவரை எந்த நாடகத்துக்கும் இயக்குநர் என்று மேடையேறுவதில்லை. சொன்னபடியே இருந்தாள். அவள் இயக்கிய நாடகங்கள் பல ஊர் போயின. கடைசி வணக்கம் தொடங்கியதும் அவள் விளக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு பத்திரிகை அவளுடைய தன்னடக்கத்தைப் புகழ்ந்து அரைப்பக்கம் எழுதியது. படித்துவிட்டு, "தன்னடக்கமாவது மண்ணாங்கட்டியாவது" என்று தூக்கிப் போட்டாள். அவள் நடித்த ஆங்காரிகளையும் வஞ்சம் வைத்த ராணிகளையும் ஊர் கொண்டாடியது. அந்தக் கண்ணில் அப்படி ஒரு தீ எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் பல் டாக்டர். "சொத்தைப் பல்லுன்னா பிடுங்கிப் போடணும். நீ நாக்கால தடவித் தடவிப் பாத்துக்கிட்டே இருக்கே" என்பார்.

"பிடுங்கத்தான் போறேன். கொறடு கைக்கு வரட்டும்" என்பாள்.

வந்தது. அவள் துறைத் தலைவராகிச் சில வருஷம் கழித்து, துணைவேந்தர் கூப்பிட்டு அனுப்பினார். மகாராஜாவுக்கு எண்பது வயது ஆகப்போகிறது, அவரைக் கௌரவிக்க வேண்டும். அவர் மாலை, கேடயம் எதுவும் வேண்டாம் என்கிறார். அந்தப் பொன்விழா நாடகத்தில் தானே அரசனாக ஒருமுறை நடிக்கவேண்டுமாம், அவள்தான் இயக்கவேண்டுமாம். "உங்ககிட்ட அவ்வளவு மரியாதை வச்சிருக்கார்" என்றார் துணைவேந்தர். அவள் தலையாட்டினாள். வெளியே வந்து மரத்தடியில் நின்று சிரித்தாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள்.

அந்த மனிதர் அவளைக் கூப்பிடுவார் என்ற நம்பிக்கை அவளுக்கு எப்போதோ அற்றுப்போயிருந்தது. இப்போது அவளுக்கு வேண்டியது வேறு. தான் நின்ற இடத்தில் அவர் நிற்கவேண்டும். கைதட்டல் காதில் விழவேண்டும், கைக்கு எட்டக்கூடாது. அவ்வளவுதான்.

ஒத்திகையில் அவரை உண்டு இல்லை என்று பண்ணினாள். "திரும்பி வாங்க சார். நீங்க இப்ப ராஜா இல்ல, வேலைக்காரன். நெஞ்சை நிமித்தாம நடங்க" என்று ஒரே நடையை எத்தனையோ தடவை நடக்கவைத்தாள். அவர் மூச்சு வாங்கினார், ஆனால் முகம் சுளிக்கவில்லை. "சரிம்மா" என்று மறுபடி போய் நின்றார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எதிர்த்துப் பேசினால்தானே நன்றாகக் கடிக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் விடாமல் கேட்டார். "கடைசி வணக்கம் எப்பம்மா ஒத்திகை பாக்கறோம்?"

"உங்களுக்கு அது புதுசா சார்? எல்லாரும் வணங்கி முடிக்கட்டும். நான் கை காட்டறேன், நீங்க தனியா வாங்க. அதுவரைக்கும் பக்கத்திரையில நில்லுங்க" என்றாள்.

திரைக்காரரிடம் வேறு சொல்லிவைத்தாள். பெரிய வேஷக்காரர்கள் வணங்கியதும் முன்திரையை இறக்கவேண்டும், உடனே அரங்க விளக்குகளைப் போடவேண்டும், யார் சொன்னாலும் திரையைத் தூக்கக்கூடாது. அவர் தலையைச் சொறிந்தார். "பெரியவர் வரவேண்டாமா மேடம்?"

"வேண்டாம். நான் சொன்னதைச் செய்யுங்க."

நாடகத்தன்று அரங்கில் நிற்க இடமில்லை. மகாராஜா பிரமாதமாக நடித்தார். அதை அவளால் மறுக்க முடியவில்லை, மறுக்க ரொம்பவும் ஆசைப்பட்டாள். சிம்மாசனத்தை மூலை விடாமல் துடைத்தார், வாளியை மெல்ல நகர்த்தினார், முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்ததும் அரங்கம் இடிந்து விழுவதுபோல் கைதட்டியது. சின்ன வேஷக்காரர்கள் போய் வணங்கினார்கள். பெரிய வேஷக்காரர்கள் போய் வணங்கினார்கள். திரை இறங்கியது, அரங்க விளக்குகள் எரிந்தன.

கைதட்டல் நிற்கவில்லை. கிழவரைப் பார்க்கவேண்டும் என்று கூட்டம் அடம்பிடித்தது. திரைக்காரர் அவளைப் பார்த்தார், அவள் கண்ணாலேயே மிரட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கைதட்டல் மெலிந்தது. பிறகு நாற்காலிகள் மடங்கும் சத்தம், செருப்புச் சத்தம், யாரோ யாரையோ வண்டியை எடுக்கச் சொல்லும் சத்தம். எதிர்ப் பக்கத்திரையில் கந்தல் வேஷத்தோடு மகாராஜா நின்றார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து அவளுக்குப் பசி எடுத்தது.

மேடையைக் கடந்து அவர் அருகில் போனாள்.

"என்னம்மா, திரை ஏறலையே?"

"ஏறாது சார்."

"நான் இன்னும் வணக்கம் சொல்லலையே?"

"அன்னைக்கே சொல்லிட்டீங்க. எனக்கும் சேர்த்து."

அவர் கோபிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். "உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேம்மா" என்றார். "வணங்கிட்டு, கூட்டத்தைப் பாத்து நாலு வார்த்தை. 'இந்த நாடகத்தைச் செஞ்சவன் நான் இல்ல. செஞ்சவ உள்ள நிக்கிறா. அவளுக்கு வந்த கைதட்டலை நான் திருடிக்கிட்டுப் போனேன். திருப்பிக் குடுக்கத்தான் இன்னைக்கு வந்தேன்.' இதைச் சொல்லிட்டுக் கையை நீட்டலாம்னு..."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. என்ன சாமர்த்தியம்! மாட்டிக்கொண்டதும் ஒரு வசனம் தயார். ஆனால் அவள் வாழ்நாளெல்லாம் நடிப்புச் சொல்லிக்கொடுத்தவள். வாய்க்கு வந்ததை அளந்தவன் அதையே இரண்டாம் தடவை சொல்லமாட்டான், சொல் மாறும், மூச்சு இடம் மாறும். பல நாள் மனப்பாடம் பண்ணி, தனியாகச் சொல்லிப் பார்த்து வந்தவன்தான் பிசகாமல் சொல்லுவான். வகுப்பில் எத்தனையோ பேரை இப்படிப் பிடித்திருக்கிறாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் எழுந்தார். மூடிய திரையைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. 'திருடி' என்ற இடத்தில் முதல் தடவை இறங்கிய குரல் அதே அளவுக்கு இறங்கியது. அதே இடத்தில் மூச்சு வாங்கினார். கடைசிச் சொல்லோடு வலது கை, கனகச்சிதமாக, அவள் பக்கம் நீண்டது.

எங்காவது தடுக்கியிருக்கக் கூடாதா! அவள் ஓடிப்போய்த் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒருவர் பெருக்கத் தொடங்கியிருந்தார். வேறு ஆளில்லை. திரையை விட்டுவிட்டு அவரிடம் திரும்பி வந்தாள்.

"இத்தனை நாள் ஒத்திகையில எதிர்லதானே சார் நின்னேன்? அப்பவே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"கூட்டம் இல்லாம எப்படிம்மா சொல்றது?" என்றார் மகாராஜா. அவருக்கு நிஜமாகவே அந்தக் கேள்வி புரியவில்லை.

அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். ஒத்திகைக் கூடத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், 'இதை ஊர் முன்னாடி சொல்லுங்க' என்று அவர் முகத்திலேயே வீசியிருப்பாள். அது அவளுக்கே தெரியும். அவளுக்கும் கூட்டம்தான் வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தை அவளே விளக்கைப் போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.