தலைமாட்டுக் கொப்பு

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தின்போது வயலுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மவுத்தானவரை அடக்கிய கபுறின் தலைமாட்டில் பச்சைக் கொப்பு நடுவது எங்கள் கல்முனைப் பக்கத்து வழக்கம். அவருக்குத்தான் கபுறே இல்லையே. நான் கிணற்றடியில் ஒரு குரோட்டன் கொப்பை நட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அவருடைய உம்மா, என் மாமி, அதைக் கண்டுவிட்டார்.

"என்ட மகன் மவுத்தாகல்ல. இதப் புடுங்கி எறி புள்ள."

நான் பிடுங்கவில்லை. அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

எங்கள் கடற்கரை மணலில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் கொப்பு காய்ந்துவிடும். நான் காய்ச்சலில் கிடந்த அன்று வாளிச் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். மாமி அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து, "வெள்ளப் புடவ எடுத்துத் தாறன். நீ இத்தா இருக்கணும்" என்றார். புருஷன் மவுத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் இருப்பதுதான் இத்தா.

அவர் என்னோடு கோபமாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுவரை என் கணவர் வருவார் என்று காத்திருக்க அந்த வீட்டில் ஒருவராவது இருந்தார்.